வண்டி அவன்கிட்ட, பம்பு என்கிட்ட

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே உடுங்க, ஆரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ருக்கு! ஒரு டீ போடு. சக்கரை போடலாமுங்களா உங்களுக்கு? எனக்குத்தான் ஆகாது.

நீங்க வாயைத் தொறக்கறதுக்கு முந்தியே சொல்லிப் போடறனுங்க. பம்புக்குத்தானே வந்தீங்க? கேட்டுல நின்னு "பழைய வண்டிக் கண்காட்சிக்கு வந்திருக்கேங்க, சென்னிமலை ஐயா அனுப்புனாருங்க"ன்னீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு. சென்னிமலை என்ற அண்ணன். கூடப் பொறந்தவன். நான் சிவன்மலை. எங்கய்யன் ரெண்டு மலைக்கும் வேண்டிக்கிட்டுப் பெத்தாராம், அந்தப் பேரையே வச்சுட்டாரு. அவன் கணபதியில இருக்கான், நான் இந்தச் சிங்காநல்லூர்ல. ஒரே பஸ்ல வந்து எறங்கலாம். பத்தொம்பது வருசமா எறங்கல.

கடைசியில கேட்டுட்டான் பாத்தீங்களா! எனக்குத் தெரியுமுங்க. என்னைக்காச்சும் ஒரு நாள் கேட்டுத்தான் ஆகோணும். பம்பு இல்லாம அவன்கிட்ட இருக்கற அந்தச் சனியன் ஓடாது. ருக்கு, கேட்டுக்கிட்டயா? உன்ற மச்சாண்டார் ஆள் அனுப்பியிருக்காரு. நேர்ல வர முடியல, கௌரவம்! மெட்ராசுல இருந்து வந்த தம்பியைத் தூது அனுப்பறாரு.

சரி, குடுக்கறதா இல்லையாங்கறது அப்பறம். மொதல்ல நாயம் என்னன்னு கேளுங்க. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க ஆரு மேல தப்புன்னு.

அதை வண்டின்னு சொல்லாதீங்க தம்பி, எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. மொழங்கால் ஒசரம்கூட இருக்காது. ரெண்டு சின்னச் சக்கரம், நடுவால ஒரு குட்டி இஞ்சினு. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் மடக்கி, சீட்டை உள்ள அமுக்குனா ஒரு நீட்டத் தகர டப்பாவுக்குள்ள போயிரும். லைட்டுக் கெடையாது. கிக்கரு கெடையாது, தள்ளிக்கிட்டே ஓடித்தான் கெளப்போணும். ஏறி உக்காந்தா மொழங்கால் ரெண்டும் காதுகிட்ட வந்து நிக்கும். வளந்த ஆம்பளை அதுல போனா சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கும். கருமம்.

இதை ரெண்டாவது உலகச் சண்டைக்குன்னு செஞ்சானுங்களாமா! வெள்ளைக்காரன் மூளையைப் பாருங்க. ஏரோப்ளேன்ல இருந்து ஆளைக் கீழ தள்ளி உடுவானாம். கூடவே டப்பாவுல இந்த வண்டியையும் தள்ளி உடுவானாம். கீழ எறங்குனவன் டப்பாவைத் தேடிப் புடிச்சு, தொறந்து, நிமுத்தி, பெட்ரோலுக்குக் காத்தடிச்சு, தள்ளிக்கிட்டே ஓடி ஏறிச் சண்டைக்குப் போவானாம். அதுவரைக்கும் எதிரி சும்மா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பானா? பாதிப் பேரு இதைப் பள்ளத்துல தூக்கி எறிஞ்சுட்டு நடந்தே போனாங்கன்னு பழைய வண்டி கிளப்புக்காரன் ஒருத்தன் சொன்னான். அவனுகளுக்காச்சும் புத்தி இருந்துச்சு. எங்கய்யனுக்கு அதுகூட இல்ல.

எங்கய்யன் அப்ப கட்டை வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. சண்டை முடிஞ்சு, ஏரோட்ரோம்ல கெடந்த இரும்புச் சாமானையெல்லாம் கழிச்சுக் கட்டுனாங்க. அதை ஏத்தியாறது இவரு வேலை. அதுல ஒரு டப்பாவைத் தொறந்து பாத்தா இது. மடக்குன மேனிக்கே கெடக்குது, ஒரு கீறல் இல்ல. எந்தச் சண்டைக்கும் போகல. ஊட்டுக்குக் கொண்டாந்து பரண்ல போட்டுட்டாரு. நாங்க பொறந்து, எனக்கு எட்டு வயசு, அவனுக்குப் பதினொண்ணு ஆனப்பத்தான் கீழ எறக்குனாரு. அன்னைக்குப் புடிச்சுதுங்க சனி.

இப்பப் பம்பு சமாச்சாரத்துக்கு வர்றேன். அதுல பெட்ரோல் டேங்கு கீழ இருக்கும், கார்புரேட்டர் மேல இருக்கும். பெட்ரோல் தானா ஏறாது. அதனால டேங்கு மூடியில ஒரு சின்னக் கைப்பம்பு திருகியிருக்கும். பம்பு ஸ்டவ்வுக்கு அடிக்கறோமில்ல, அதே மாதிரி அடிச்சுக் காத்தை உள்ள ஏத்துனாத்தான் பெட்ரோல் மேல வரும். பம்பு திருகற எடத்துல காத்து வெளிய போகாம இருக்க ஒரு தோல் வாசர். அவ்வளவுதான் சமாச்சாரம்.

எங்கய்யன் கண்டிசனா சொல்லிட்டாரு. பதினஞ்சு அடி. பதினாறு கூடாது. காத்து சாஸ்தியானா பெட்ரோலு வெளிய பீச்சிரும். அப்பறம் இன்னொரு கண்டிசன், அடிக்கறவன் ஏறக் கூடாது. ரெண்டு பசங்களும் சண்டை போட்டு ஓரியாட்டம் பண்ணக் கூடாதுன்னு அப்படி வச்சாரு. ஒருத்தன் அடிச்சுத் தள்ளி உடோணும், ஒருத்தன் ஏறோணும். மாத்தி மாத்தி.

மாத்தி மாத்தியாவது ஒண்ணாவது! எப்பவும் அவன்தான் ஏறுவான், நான்தான் அடிப்பேன். அவன் சீட்டுல உக்காந்துக்கிட்டு எண்ணுவான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாத்தியாராட்ட. பதினஞ்சுன்னதும் நிறுத்தோணும். அப்பறம் நான் பின்னால தள்ளிக்கிட்டே ஓடோணும். இஞ்சின் புடிச்சதும் அவன் போயிருவான். நான் புகைக்குள்ள நின்னு இருமிக்கிட்டு இருப்பேன். கையெல்லாம் பெட்ரோல் நாத்தம். அந்த நாத்தத்தோட சோறு திங்கோணும். இப்பச் சொல்றப்பக்கூட மூக்குல அடிக்குதுங்க.

நான் ஏறவேயில்லையான்னு கேக்கறீங்க. ஏறுனேன், ஒருக்கா. எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரியில, ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. நேரா அதுக்குள்ள கொண்டு போய் உட்டுப் போச்சு. வண்டி மேலதான் தப்பு, சக்கரம் அத்தனை சின்னது. முள்ளுப் புடுங்கறதுக்கே ஒரு நாள் ஆச்சு. அதுக்கப்பறம் அவன் "ஏறுடா, நான் புடிச்சுக்கறேன்"னு ரெண்டு மூணு தடவை சொன்னான். சொல்றதுக்கு என்ன? மனசார சொன்னானா? நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒருத்தன் வேண்டாம்னா அப்படியே உட்டுர்றதா?

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. இவதான் ருக்குமணி, என்ற சம்சாரம். இவளுக்கு அவங்க பக்கம்தான் நாயம்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க"ங்கறா பாருங்க. இந்த ஒண்ணும் சொல்லாதவங்களால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துச்சு.

அப்பறம் நாங்க ரெண்டு பேரும் வளந்து பட்டறை போட்டமுங்க. கணபதியில. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட்டு, புஷ்ஷு எல்லாம் கடைஞ்சு குடுப்போம். ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிசினு. அவன் கடைசல் வேலையில கெட்டிக்காரன். அதை நான் இல்லைன்னு சொல்லல. அவன் கடைஞ்ச சாமானைக் கையில வாங்குனா வழவழன்னு இருக்கும். ஒரு நூல் கோணல் இருக்காது. கம்பெனிக்காரங்க வந்தா "சென்னிமலை இல்லையா?"ன்னுதான் கேப்பாங்க. நான் எதுக்கால நிப்பேன். என்னையத் தாண்டி எட்டிப் பாத்து, சென்னிமலை இல்லையான்னு கேப்பாங்க. எப்படியிருக்கும்?

வருசா வருசம் ஆயுத பூசைக்கு மட்டும் அந்த வண்டியை வெளிய எடுப்போம். பட்டறை ஊருல ஆயுத பூசைன்னா உங்களுக்குத் தெரியாதுங்க. தீபாவளி எல்லாம் அப்பறம்தான். முந்தின நாளே மிசினை எல்லாம் கழுவித் தொடைச்சு, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை வாங்கி வச்சு... பூசை போட்டாச்சுன்னா மறுநாள் காலையில வரைக்கும் ஒரு மிசினைத் தொடக் கூடாது. இந்த வண்டி மட்டும் எலுமிச்சம்பழத்து மேல ஏறோணும். ஏறுறது அவன். அடிக்கறது நான். எனக்கு நாப்பத்தேழு வயசு, தலையில முடி இல்ல, அப்பவும் நான் குனிஞ்சு நின்னு அடிக்கறேன், அவன் மேல உக்காந்து எண்ணறான்.

ஆனா அதுலயும் ஒரு முறை இருந்துச்சு. கற்பூரம் காட்டி முடிச்சு, தட்டை உள்ள கொண்டு போய் வச்சதுக்கு அப்பறம்தான் பம்பைத் தொடோணும். காத்தடிச்ச டேங்குக்கிட்ட நெருப்புக் கொண்டாரக் கூடாது. எங்கய்யன் காலத்துல இருந்து அப்படித்தான்.

அந்த வருசம் என்னாச்சுன்னா, பழைய வண்டி கிளப்புக்காரங்க நாலஞ்சு பேரு வந்துட்டாங்க, கேமராவோட. பத்திரிகையில போடறதுக்காம். அண்ணனுக்குக் காலு தரையில நிக்கல. புதுச் சட்டை. "நான் பதினொரு வயசுல இருந்து ஓட்டறனுங்க. நான்தானுங்க இதைப் பாத்துக்கறேன். நான் எண்ணெய் மாத்துவேன், நான் செயின் மாத்துவேன்." நான், நான், நான். சுத்தி நின்னு படம் புடிக்கறானுக. அதுல ஒருத்தன் என்னையப் பாத்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபோட்டோவுல கை வருது"ங்கறான். என்ற கை வருதாம்! நாப்பது வருசம் பம்பு அடிச்ச கை!

அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. அன்னைக்கே மறந்துட்டேன்.

பூசை ஆரம்பிச்சுது. எங்கண்ணி பாப்பாத்தி தட்டுல கற்பூரம் ஏத்திக் குடுத்தா. அண்ணன் வாங்கி, மொதல்ல சாமி படத்துக்கு, அப்பறம் லேத்துக்கு, டிரில்லிங் மிசினுக்கு, கடைசியா வண்டிக்கு. வண்டி சின்னதில்லீங்களா, குனிஞ்சு காட்டோணும். குனிஞ்சான். மூடியோரம் பெட்ரோல் புஸ்ஸுன்னு பீச்சுச்சு. அவ்வளவுதானுங்க. நெருப்பு அவன் வலது கையில தட்டோட புடிச்சுக்கிச்சு. சாக்கை நனைச்சுப் போட்டுத்தான் அமத்துனோம்.

வாசர் மேல தப்பு. அந்தத் தோல் வாசர் ரொம்பப் பழசு. ரெண்டு வருசமா சொன்னேன், மாத்துடா மாத்துடான்னு. நானே மாத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வண்டி அவனுது, பெருமை அவனுது, வாசர் மட்டும் நான் மாத்தோணுமா? முப்பது அடி தாங்காத வாசர் ஒரு வாசரா தம்பி? தூ!

என்ன பாக்கறீங்க?

ஆமா, முப்பதுன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

இருங்க, எந்திரிக்காதீங்க. நீங்க வேற மாதிரி நெனச்சுக்கப் போறீங்க. பூசைக்கு முந்தி எல்லாரும் வெளிய நின்னு ஃபோட்டோ புடிச்சுக்கிட்டு இருந்தாங்களா, வண்டி உள்ள தனியா நின்னுச்சு. நான் போயி அடிச்சு வச்சேன். எதுக்குன்னா, கற்பூரம் ஆன ஒடனே நான் ஏறி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு, வீதிக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டமா போயிரோணும்னு. கேமராக்காரனுக பாக்கட்டும்னு. ஒரே ஒரு தடவை. வீதி நீளம், பாதியில நின்னு போச்சுன்னா சிரிப்பாங்க. அதனால முப்பது. அடிக்கறப்பக் கற்பூர ஞாபகம் வரல. பக்கத்துல கற்பூரம் வந்தப்ப அடிச்ச ஞாபகம் வரல. வாயைத் தொறந்து "டேய்"னு சொல்லோணும்னு நெனைக்கறதுக்குள்ள ஆயிப் போச்சு. மனுசன்னா மறக்கறதில்லையா?

ஆனா கேளுங்க, இதுக்கு அப்பறம் அவன் பண்ணுனதுதான் எனக்கு ஆறவே மாட்டீங்குது. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க. டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேக்கறாரு. நான் கால்மாட்டுல நிக்கறேன். சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். சத்தியமா வாயெடுத்தேன். அதுக்குள்ள இவன் சொல்றான், "நான்தானுங்க டாக்டர், மறந்து போயி முன்னாலயே பம்பு அடிச்சுப்புட்டேன்."

நான்தானுங்க! பாத்தீங்களா? பெருமைக்கும் நான், தப்புக்கும் நான். அதைக்கூட எனக்கு உட மாட்டீங்கறான். அப்பறம் வந்து பாத்த சொந்தம் ஒறம்பரைக்கெல்லாம் அதே பேச்சுத்தான். எல்லாரும் "பாவம் சென்னிமலை, என்ன பொறுமை, கை போயும் மூஞ்சியில சிரிப்புப் போகல"ங்கறாங்க. என்னையப் பாத்து "நீயாச்சும் ஞாபகப்படுத்தியிருக்கலாமில்ல?"ங்கறாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? அவன் சொன்ன பொய்யை நான் ஒடைச்சா அவனுக்கு அசிங்கமில்லையா? அதனால பேசாம இருந்துட்டேன். அவனுக்காகத்தான்.

கை பொழச்சுது, ஆனா வெரலெல்லாம் உள்ள சுருங்கி ஒட்டிக்கிச்சு. நீட்ட வராது. கடைசல் வேலை போச்சு. அஞ்சாறு மாசத்துல பட்டறையைப் பிரிச்சுக்கிட்டோம். பெரியவங்க வந்து பேசுனாங்க. நான் ஒண்ணும் அநியாயம் கேக்கலீங்க. கை இல்லாதவனுக்கு லேத்து எதுக்கு? ரெண்டு லேத்தையும் நான் எடுத்துக்கிட்டேன். வண்டியை அவனுக்கு உட்டுக் குடுத்தேன். எங்கய்யன் வண்டி, எனக்கும் பாத்தியதை உண்டு, முழுசா உட்டுக் குடுத்தேன். அதைப் பத்தி ஒருத்தரு வாயைத் தொறந்து நல்லதாச் சொல்லல.

லேத்தை லாரியில ஏத்துன அன்னைக்கு, அவன் வெளிய கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தான். திட்டியிருந்தா பரவால்ல. "பாத்து ஏத்து, கயிறு கட்டு"ன்னு சொன்னான். எனக்கு எரிஞ்சுது பாருங்க! உள்ள போனேன், வண்டி மூலையில நின்னுச்சு, பம்பைத் திருகி எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். நாப்பது வருசம் நான் அடிச்ச பம்பு. அது எனக்கு. இனி எப்படி ஓட்டறான்னு பாக்கறேன்னுதான். வண்டி அவன்கிட்ட, பம்பு என்கிட்ட. ஓட்டோணும்னா எங்கிட்ட வந்துதானே ஆகோணும்?

வந்தானா? ஒரு வருசம் பாத்தேன், ரெண்டு வருசம் பாத்தேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கேட்டுப் பக்கம் கண்ணு போகும். இன்னைக்கு எப்படியும் வருவான், எலுமிச்சம்பழத்து மேல ஏத்தோணுமில்ல. வர மாட்டான். "டேய் சிவா, அந்தப் பம்பைக் குடுறா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். இல்ல, "நீதான்டா அடிச்சே, உன்னாலதான்டா"ன்னு வந்து சட்டையைப் புடிச்சிருந்தாக் கூட நல்லாயிருந்திருக்கும். ஒண்ணுமில்ல. என்ன திமிரு இருந்தா ஒரு மனுசன் பத்தொம்பது வருசம் கேக்காம இருப்பான்!

கல்யாணங் காச்சியில பாப்பேன். பந்தியில உக்காந்தா அவனுக்கு மட்டும் ஸ்பூன் கேட்டு வாங்குவாங்க. எடது கையில ஸ்பூனைப் புடிச்சுக்கிட்டு, வலது கையை மேசைக்குக் கீழ மறைச்சு வச்சுக்கிட்டுத் திம்பான். ரசம் சட்டையில ஒழுகும். அண்ணி துண்டால தொடைச்சு உடுவா. எனக்கு அதைப் பாத்தா ஒரு வாய் எறங்காது. அருவருப்புன்னா அருவருப்பு, உள்ளதைச் சொல்றேன். எந்திரிச்சு வேற பந்திக்குப் போயிருவேன். மூணு கல்யாணத்துல பாதி எலையில எந்திரிச்சு வந்திருக்கேன்.

என்ன ருக்கு? என்ன முணுமுணுப்பு?

சொல்றா பாருங்க. "வருசா வருசம் அந்தப் பம்பைத் தொடைச்சு, எண்ணெய் போட்டு, சந்தனம் வச்சு, தனியாக் கற்பூரம் காட்டறதைச் சொல்லுங்க"ங்கறா. ஆமா, காட்டறேன். இரும்புச் சாமானுன்னா துருப் புடிக்கும், தொடைக்காம இருப்பாங்களா? போன மாசம்தான் புதுசா வாசர் வெட்டிப் போட்டேன். நல்ல எருமைத் தோலு. அதுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தாங்க, பாருங்க. இதுதான். புடிச்சுப் பாருங்க, பளபளன்னு இருக்குதா? இப்ப அடிச்சாலும் காத்து கும்முனு வரும். குடுக்கறேன்னு இன்னும் சொல்லல, குடுங்க இங்க.

அவன் ஏதோ குடுத்து உட்டானா? என்ன காயிதம்? பிரிங்க.

வாசரா? தோல் வாசரு... பம்புக்கு வாசர் போயிருக்கும், இதைப் போட்டுக்கச் சொன்னானா? ஆரு வெட்டுனா இதை? ஓரத்தைப் பாருங்க, பல்லுப் பல்லா இருக்குது. ஓட்டையும் நடுவால இல்ல. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். கடையில வாங்குனானா? இப்படிக் கோணல் மாணலா...

அவனே வெட்டுனதா?

உங்க முன்னால உக்காந்தா வெட்டுனான்? எடது கையிலயா?

என்ற அண்ணன் வேலையில கோணல் வராதுங்க தம்பி. வந்ததேயில்ல.

சரி, வேற என்ன சொல்லி உட்டான்? சொல்லுங்க. "பதினஞ்சு போதும்னு சொல்லுங்க, முப்பது வேண்டாம்"னானா?

முப்பதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

இல்ல, எப்படித் தெரியும்? நான் ஆருகிட்டயும் சொல்லலியே. இவகிட்டக்கூடச் சொன்னதில்ல. இப்பத்தான், உங்ககிட்டத்தான் வாய் தவறி... ருக்கு, நீ போயி உள்ள வேலையைப் பாரு. சரி இரு. இரு, பரவால்ல. கேளு.

செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தானா? அன்னைக்கு? சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கிட்டே இருந்தானா? பதினஞ்சுக்கு மேல போறப்பவே, இன்னைக்குத் தம்பி ஏறப் போறான்னு புரிஞ்சுக்கிட்டு, சரி ஏறட்டும், நாம தள்ளி உடலாம்னு நெனச்சானா? அப்படியா சொன்னான்? கேமராக்காரங்க கூப்புட்டதுல கற்பூர ஞாபகம் தனக்கும் வரல, அதனால தப்பு தன் மேலதான்னானா?

தூ. இதைச் சொல்றதுக்குப் பத்தொம்பது வருசமா? வாயில என்ன வச்சிருந்தான்? தள்ளி உடறானாம்! எப்பவாச்சும் தள்ளி உட்டிருக்கானா?

ஞாயித்துக்கிழமை உங்க கண்காட்சியில நான் ஏறோணுமா? நானா? எதுக்குங்க நான்? அதெல்லாம் அவன்தான் ஏறுவான், பெரிய ஓட்டுநரு. பம்பு வந்தாச்சில்ல, ஏறி ஓட்டட்டும். அவனுக்கென்ன கேடு? இத்தனை வருசம் பம்பில்லாமத்தானே சும்மா கெடந்தான்...

என்னுங்க?

மறுக்காச் சொல்லுங்க. பம்பு இல்லைங்கறதே அவனுக்குத் தெரியாதா?

போன வாரம் நீங்க வண்டி மேல இருந்த சாக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு, மூடியில பம்பு இல்லையேன்னு சொன்னீங்க. அதுக்கு அவன் எட்டிப் பாத்து, "அட, ஆமா"ன்னானா? சிரிச்சானா? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டு, "சிவன்கிட்டத்தான் இருக்கும்"னானா? அதுவரைக்கும் தெரியாதா? லேத்து போன அன்னைக்கே ஆளை உட்டுச் சாக்குல கட்டிப் பரண்ல ஏத்துனதை அப்பறம் பிரிக்கவேயில்லையா? ஏன்? ஏன் பிரிக்கல? அவன் உசுரே அதுலதானே இருந்துச்சு. ஓட்டாம எப்படி இருப்பான்?

எதுக்கு இப்ப உங்க வலது கையைத் தூக்கிக் காட்டறீங்க?

ஆக்சிலேட்டரு.

ஆமா. ஆக்சிலேட்டரு வலது கைப் பக்கம்தான் இருக்குது. வெரலை நீட்டி மடக்கோணும்.

அதனால பம்பு இருந்தாலும் ஒண்ணுதான். இல்லாட்டியும் ஒண்ணுதான். நான் இங்க கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்தொம்பது வருசம் எண்ணெய் போட்டு, தொடைச்சு... அவன் கேக்க மாட்டீங்கறான், திமிருங்கறேன்... அடச் சீ. சீ! என்ன மனுசன் நான்.

இல்ல, குடிங்க. நீங்க டீயைக் குடிங்க. ஆறிப் போயிருக்கும். ருக்கு, இன்னொண்ணு போட்டுக் குடு தம்பிக்கு. நீ எதுக்கு இப்ப அழுகறே? உள்ள போ.

பம்பை உங்க கையில குடுக்க மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க. நானே கொண்டாறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே உங்களோட பஸ் ஏறி வந்தர்றேன். ஏறோணும்னா நான் ஏற மாட்டேன், எனக்கு ஓட்டத் தெரியாது. கள்ளி வேலியில உழுந்ததோட சரி. நீங்க ஏறுங்க. சின்னப் பையன், உங்களுக்கு மொழங்கால் மடங்கும்.

நான் அடிக்கறேன். அவனைப் பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்கார வையுங்க. எண்ணறது மட்டும் அவன்தான் எண்ணோணும், சத்தமா. நான் பதினாறாவது அடிச்சா அந்தக் கையாலயே என்ற பொடனியில ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.

அந்தக் கோணல் வாசரை இப்படிக் குடுங்க. ருக்கு, அந்தச் சின்ன ஸ்பேனரு எங்க? நல்ல வாசரைக் கழட்டோணும்.